கப்பலுக்கு அடித்த மருந்து

அம்சத் பீவி இத்தா உட்கார்ந்து அன்றைக்கு நூற்றுப் பத்தாவது நாள். கணக்கு வைத்திருந்தவள் மகள் ரெஹானா. காலையில் எழுந்ததும் சுவரில் தொங்கும் பிறைக் காலண்டரில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவாள். போட்டுவிட்டு, "இன்னும் பதினெட்டும்மா" என்பாள். மறுநாள், "பதினேழும்மா" என்பாள். புருஷனைப் பறிகொடுத்தவள் நாலு பிறையும் பத்து நாளும் வாசலைத் தாண்டாமல், அன்னிய ஆம்பளை முகம் பார்க்காமல் இருக்க வேண்டும் என்பது முறை. அம்சத் பீவிக்குப் பதினெட்டும் ஒன்றுதான், எண்பதும் ஒன்றுதான். சோறு வைத்தால் சாப்பிட்டாள். பாயை விரித்தால் படுத்தாள். தொழுகை நேரத்துக்கு எழுந்தாள். அழுகை மட்டும் இல்லை. புருஷனின் மையித்து எடுத்த அன்றைக்கும் அழவில்லை. உத்தமபாளையத்திலிருந்து வந்த நாத்தனார்மார் தோளைப் பிடித்து உலுக்கி, "அழுதுரு ஆத்தா, உள்ள கட்டிக்கிரும்" என்று சொல்லிப் பார்த்தார்கள். அவள் அவர்களுடைய வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தாள்.

அவள் இருந்த வீடு அவளுடையது அல்ல. கூடலூரைத் தாண்டி, மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில், ராஜா முகம்மது ராவுத்தரின் எஸ்டேட்டுக்குள் காவல்காரருக்கென்று கட்டிய இரண்டு அறை ஓட்டுவீடு. அந்த எஸ்டேட் பங்களாவைத்தான் ராவுத்தர் எட்டு வருஷத்துக்கு முன்னால் காட்சியகமாக்கினார். வாசல் பலகையில் 'மரக்கலக் காட்சியகம்' என்று எழுதியிருக்கும். ஊர் வாயில் அது கப்பல் பங்களா.

ராவுத்தரின் பாட்டனாருக்கு அப்பா மலையில் தேக்கும் ஆயினியும் வெட்டி, மேற்கே கப்பல் கட்டுகிறவர்களுக்கு விற்றுக்கொண்டிருந்தவர். ஒருநாள் அவருக்கு, மரத்தை விற்பானேன், கப்பலையே விற்றால் என்ன என்று தோன்றியிருக்கிறது. கணவாய் வழியாக மலையாளத்து ஆசாரிமாரைக் கூட்டிவந்து, எஸ்டேட்டிலேயே குடிவைத்து, அடிமரம் போட்டு, விலாக்கட்டைகள் நிறுத்தி, ஒரு கப்பலைக் கட்ட ஆரம்பித்தார். இங்கே கட்டிப் பார்த்து, பிரித்து, மாட்டுவண்டியில் ஏற்றி ஆலப்புழையில் கொண்டுபோய்ச் சேர்ப்பதாகத் திட்டம். பாதி பலகை ஏறும்போது அவர் போய்ச்சேர்ந்தார். ஆசாரிமார் ஊர் திரும்பினார்கள். கப்பல் மலையடிவாரத்தில் நின்றுபோயிற்று. அதற்கு மேலே ஓடு போட்ட கொட்டகை, சுற்றிலும் வாய்ச்சி, உளி, கயிறு, பலகை இடுக்கில் பஞ்சு அடைக்கிற இரும்பு என்று கண்ணாடிப் பெட்டிகள். பங்களாவுக்குள் சின்னச் சின்ன மரக்கப்பல்கள்.

காவலுக்கும் பெருக்குவதற்கும், வந்தவர்களுக்குச் சுற்றிக்காட்டுவதற்கும் எல்லாமாக அம்சத் பீவியின் புருஷன் ஷேக் மைதீன் ஒருவர்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்தால் குரலே மாறிவிடும். "ஏலே பயலுகளா, இது கடலையே பாக்காத கப்பலு. நானும் கடலப் பாக்காத ஆளு. அதனாலதான் ரெண்டு பேருக்கும் சண்டை சச்சரவு இல்லாம ஓடுது" என்பார். ஒவ்வொரு கூட்டத்துக்கும் அதையேதான் சொல்வார். பிள்ளைகளுக்கு முன்னால் அவரே முதலில் சிரிப்பார்.

ஐப்பசியில் மூன்று நாள் விடாத மழை. நாலாம் நாள் காலை வெறித்திருந்தது. துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கப்பலின் இடப்பக்கத்து அடியில் குனிந்தவர் மேல் ஐந்து பலகையும் இரண்டு விலாக்கட்டையும் பெயர்ந்து விழுந்தன. லாரியிலிருந்து மூட்டையைத் தள்ளினால் கேட்குமே, அதுமாதிரி ஒரு சத்தம். அம்சத் பீவி அடுப்பில் வைத்திருந்த டீயை இறக்கி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தாள். இறக்கி வைத்தது அவளுக்கு இன்னும் ஞாபகமாக இருக்கிறது.

ஆணியெல்லாம் இற்றுப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் எல்லோர் வாயிலும் வந்த பெயர் சுந்தர்ராஜ். அல்லிநகரத்து ஆசாரி. நாலு வருஷத்துக்கு முன்னால் கப்பலின் பழைய ஆணிகளில் நாற்பது ஐம்பதைப் பிடுங்கிவிட்டுப் புது ஆணி அடித்தவன் அவன்தான். பழைய இரும்புக்கடைச் சரக்கை வாங்கிப் பளபளப்பாக்கி அடித்துவிட்டான் என்று பேச்சு கிளம்பியது. வழக்குப் போட்டு, பதினேழு நாள் உள்ளே வைத்து, ஜாமீனில் விட்டிருந்தார்கள். தினமும் பத்து மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து. ஆணிகளைச் சாக்கில் கட்டி மதுரைக்குச் சோதனைக்கு அனுப்பியதாகச் சொன்னார்கள். பதில் வந்தபாடில்லை.

அம்சத் பீவியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. விசாரிக்க வந்த போலீஸை ராவுத்தர் வாசலிலேயே நிறுத்தி, "அந்தம்மா இத்தாவுல இருக்காக. முடியட்டும், நானே கூட்டிட்டு வர்றேன்" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அவர்களும் அதை மதித்துத் திரும்பிப் போனார்கள். ஜமாத்தார், எஸ்டேட் ஆட்கள், பால்காரன் வரை அந்த வீட்டுப் பக்கம் வந்தால் குரலைத் தாழ்த்தினார்கள். ஊரே சேர்ந்து அவள் வாயை அவளுக்காகப் பத்திரமாக மூடி வைத்திருந்தது.

அவளுக்கோ முதல் நாளே தெரியும். பலகையைத் தூக்கியபோது காலடியில் ஒரு ஆணி கிடந்தது. ஈர்க்குச்சி கனத்துக்கு மெலிந்து, மேலே செக்கச்செவேலென்று செம்பு பூத்திருந்தது. இரும்பில் அப்படிச் செம்பு பூப்பதை அவள் இருபது வருஷம் திராட்சைத் தோட்டத்தில் பார்த்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒன்பது மணி வாக்கில் பாண்டீஸ்வரி வந்தாள். சுந்தர்ராஜின் பெண்சாதி. கையில் ஒரு மஞ்சள் பை நிறைய மொச்சைக்காய். அவளைக் கண்டதும் ரெஹானா வாசலை மறித்து நின்றாள்.

"என்ன வேணும்?"

"ஒன்கிட்ட ஒண்ணும் வேணாம் தாயி. அக்காவப் பாக்கணும். பொம்பள பொம்பளையப் பாக்கலாம்ல? அதுக்கும் பதினெட்டு நாள் இருக்கா?"

"எங்கத்தாவக் கொன்னுட்டு மொச்சக்காயத் தூக்கிட்டு வந்தாச்சா?"

"விடுடி" என்றாள் உள்ளேயிருந்து அம்சத் பீவி. "வா பாண்டீஸு."

ரெஹானா விலகினாள். விலகியவள் உள்ளே போகாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்தாள். மலையிலிருந்து இறங்கிய பனி இன்னும் முழுதாகக் கலையவில்லை. கப்பல் கொட்டகைப் பக்கத்து ஜன்னலில் அவள்தான் ஒரு போர்வையை ஆணியடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அதனால் வீட்டுக்குள் பகலிலும் விளக்கு எரிந்தது.

பாண்டீஸ்வரி கீழே சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையைக் கவிழ்த்தாள். யாரும் கேட்காமலே ஒரு காயை எடுத்துப் பிதுக்கினாள். அம்சத் பீவியும் ஒன்றை எடுத்தாள். தொலியைப் பிரித்துப் பயறைப் பக்கத்திலிருந்த கிண்ணத்தில் போட்டாள்.

"தை மொச்ச. எங்க வேலியில காச்சது. அண்ணனுக்குப் பிடிக்கும்ல?"

"கருவாடு போட்டு வச்சா பிடிக்கும்."

"வேலைக்கு வந்தப்ப எங்க வீட்டுக்காரரு ஒங்க வீட்டுலதான் சாப்பிட்டாரு. ஒரு மாசம். வீட்டுக்கு வந்து என் கொழம்புல குத்தம் சொல்லுவாரு. பாய் வீட்டுக் கொழம்புன்னா கொழம்பும்பாரு. நான் கரண்டிய எடுத்துக் காட்டுவேன்."

படியில் இருந்த ரெஹானாவின் போன் அடித்தது. உத்தமபாளையத்திலிருந்து அவள் புருஷன். "பருப்பு வெந்த பெறகு உப்புப் போடுங்க. எத்தன தடவ சொல்றது, வெந்த பெறகு" என்று சொல்லிவிட்டு வைத்தாள். வேறொரு நாளாக இருந்தால் மூன்று பேரும் சிரித்திருப்பார்கள்.

"அக்கா, நான் சுத்தி வளைக்கல" என்றாள் பாண்டீஸ்வரி. "தை மாசம் பூராம் அவரு ஒரு வாசல்நிலை வைக்கல. பழனிசெட்டிபட்டியில மூணு வீடு பேசி வச்சிருந்தது. மூணு பேரும் வேற ஆளப் பாத்துட்டாக. ஆளக் கொன்ன ஆணிங்கிறாக. மூஞ்சிக்கு நேரே சொல்றாக. வாசல்கால் வைக்கிற கையாம், ராசி வேணுமாம். மனுசன் வாய் தொறந்து பேசி மாசமாச்சு. உளியெல்லாம் எடுத்து எண்ணெய் போட்டுத் தொடச்சு, தொடச்சு, திரும்ப வைக்கிறாரு. மறுநாளும் அதையே எடுத்துத் தொடைக்கிறாரு."

"ம்."

"நீங்க ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும். கப்பலு ஆடிட்டு இருந்தது அண்ணனுக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அடியில போனாருன்னு சொல்லுங்க. இத்தா முடிஞ்சு கேக்கையில சொல்லுங்க. ராவுத்தர்ட்ட முன்னமே சொல்லியிருந்தாருன்னும் சேத்துக்கங்க. அவுக பெரிய மனுசரு, அவுகள ஒண்ணும் செய்ய மாட்டாக. இவரு மேல இருக்குற பாரம் கொஞ்சம் கொறையும்."

ரெஹானா படியிலிருந்து திரும்பினாள். "மவுத்தாப் போனவுக மேல பழியத் தூக்கிப் போடச் சொல்றியா? வெக்கமா இல்ல ஒனக்கு?"

"இல்ல தாயி. அதெல்லாம் முன்னமே தீந்து போச்சு."

அம்சத் பீவி மொச்சையைக் கிண்ணத்தில் போட்டாள். "அவுக அப்பிடிச் சொல்லலை. ஆடுறது அவுகளுக்குத் தெரியாது."

"தெரியாதுன்னு எனக்கும் தெரியும்க்கா. சொல்லுங்கன்னு கேக்குறேன்."

"ஆணி நல்ல ஆணி" என்றாள் அம்சத் பீவி.

பாண்டீஸ்வரியின் கை நின்றது.

"ஒன் வீட்டுக்காரரு அடிச்ச ஆணி நல்ல ஆணிதான். கொல்லப்பட்டறையில பக்கத்துல நின்னு அடிச்சு வாங்கிட்டு வந்தாருன்னு அவுகளே சொல்லியிருக்காக. அத மருந்து தின்னுருச்சு."

"என்ன மருந்து?"

அம்சத் பீவி அடுத்த காயை எடுத்தாள். சொல்ல ஆரம்பித்தபோது அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. யாருக்கோ சமையல் பக்குவம் சொல்வதுபோலச் சொன்னாள்.

"கப்பல்ல வண்டு துளைச்சு மாவா கொட்டுச்சு. தெனமும் பெருக்கி அள்ளுவாக. ராவுத்தர்ட்ட சொன்னா, கொச்சியில இருந்து ஆள் வருவாங்கன்னாரு. வரல. அவுகளுக்குத் தாங்கல. நமக்குத் தெரியாத மருந்தா, திராட்சப் பந்தலுக்கு அடிக்கிறதுதான், வண்டாவது பூஞ்சையாவதுன்னு சொல்லி, மருந்தடிக்கிற பழைய மிசினத் தூக்கிட்டாக. மயில்துத்தமும் சுண்ணாம்பும் அளவாக் கலந்து அடிச்சாக. காஞ்ச பெறகு பாத்தா கப்பலு பூராம் வெள்ளை. மறுநா ராவுத்தரு வந்து, என்ன மைதீன், கப்பலுக்கு வெள்ளையடிச்சு வச்சிருக்கீருன்னு கேட்டாக. சத்தம்கூடப் போடல, சிரிச்சுட்டுதான் கேட்டாக. இவுக ரெண்டு நாள் தேங்கா நாரு வச்சுத் தேச்சாக. உள்ளங்கை ரெண்டும் உரிஞ்சு போச்சு. சோறு பெசைய முடியல. நான்தான் ஊட்டுனேன்."

அவள் சற்று நிறுத்தினாள். தோட்டத்துப் பக்கம் யாரோ ஜீப்பைப் பின்னால் எடுத்தார்கள்.

"மறுவருசம் வண்டு திரும்ப வந்துச்சு. திரும்ப அடிக்கணும்னாக. எப்பவும் கலக்குறது நான். தோட்டத்துலயும் நான் கலக்க, அவுக அடிக்கத்தான். சுண்ணாம்பு போட்டா வெளுக்கும், அவுக மறுபடி கையத் தேச்சுக்கிட்டு நிப்பாக. அதனால துத்தத்த மட்டும் கரைச்சுக் குடுத்தேன். சுண்ணாம்பு பத்தலைன்னா துத்தம் இரும்பத் திங்கும். கத்திய முக்கி எடுத்தா செம்பு ஒட்டும், பெறகு இன்னும் சுண்ணாம்பு போடணும். அது தோட்டத்துல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவுக மிசின முதுகுல மாட்டிட்டே கேட்டாக. கத்திய முக்கிப் பாத்தியா புள்ளன்னு. பாத்தாச்சுன்னேன்."

"பாக்கலையா?"

"பாக்கல. கப்பல்ல இரும்பு இருக்குன்னு எனக்குத் தோணவே இல்ல பாண்டீஸு. எனக்கு அது மரம். மரத்துக்குத்தான மருந்துன்னு இருந்தேன். மூணு வருசம். வருசத்துக்கு ரெண்டு தடவ. ஒவ்வொரு தடவயும் கேட்டாக. ஒவ்வொரு தடவயும் பாத்தாச்சுன்னேன். கப்பலு வெளுக்கல. அவுகளுக்கு அம்புட்டுச் சந்தோசம். இந்தத் தடவ பக்குவமாக் கலந்திருக்கன்னாக."

விளக்கைச் சுற்றி ஒரு பூச்சி ஓட்டில் மோதி மோதி விழுந்தது. பாண்டீஸ்வரி மடியில் கிடந்த தொலிகளைக் கூட்டி ஒரு குவியலாக வைத்தாள். பிறகு அதையே வேறு இடத்துக்கு நகர்த்தினாள்.

"எப்பத் தெரியும் ஒங்களுக்கு?"

"அன்னைக்கே."

"அன்னைக்கேன்னா?"

"அவுகளத் தூக்கும்போதே. ஆணியப் பாத்தேன்."

"நூத்திப் பத்து நாளு" என்றாள் பாண்டீஸ்வரி. சத்தமாகச் சொல்லவில்லை. "அவரு உள்ள இருந்த பதினேழு நாளும் நீங்க இங்கன ஒக்காந்து சோறு தின்னுருக்கீக."

"ஆமா."

"தொழுதிருக்கீக."

"ஆமா."

"ஏக்கா?"

அதற்கு அம்சத் பீவியிடம் பதில் இருந்தது. அவளுக்கே அது அற்பமாகப் பட்டது. "யாரும் கேக்கல. கேட்டா சொல்லணும்னு இருந்தேன். கேக்காத வரைக்கும் அவுக மருந்தால சாகல, ஆணியாலதான் செத்தாகன்னு இருந்துச்சு. அப்பிடியே இருந்துட்டேன்."

பாண்டீஸ்வரி எழுந்தாள். அடிப்பதற்கென்று கை ஓங்கியதுபோலத்தான் இருந்தது. ஆனால் அவள் சேலையில் ஒட்டியிருந்த தொலியைத்தான் உதறினாள். "வெள்ளச் சேலைக்காரிய நான் என்னத்தச் சொல்ல? சொன்னா ஊரு என்னையத்தான் காறித் துப்பும். நல்லா இருங்கக்கா. பதினெட்டு நாளு கழிச்சாவது வாயத் தொறங்க."

அவள் வாசலை அடைவதற்குள் அம்சத் பீவியும் எழுந்துவிட்டாள். கொடியில் கிடந்த வெள்ளைத் துப்பட்டியை இழுத்துத் தலையோடு போர்த்தினாள்.

"இரு. நானும் வர்றேன்."

"எங்க?"

"ஸ்டேஷனுக்கு."

ரெஹானா வாசற்படியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அத்தனையும் கேட்டிருந்தாள். அம்மா பக்கத்தில் வந்து நின்றபோது நிமிரவில்லை. தடுப்பாள், கத்துவாள் என்று அம்சத் பீவி எதிர்பார்த்தாள். ஏம்மா என்று ஒரு வார்த்தை கேட்க மாட்டாளா என்றுகூட இருந்தது. ரெஹானா நிலைக்கு ஓரமாக முழங்காலை ஒதுக்கி, ஒரு ஆள் போகிற அளவுக்கு வழி விட்டாள். அவள் கையில் எப்போது எடுத்தாள் என்று தெரியாமல் மொச்சைக் கிண்ணம் இருந்தது. உரித்த பயறை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே கிடந்த தொலிக்குவியலில் எறிந்துகொண்டிருந்தாள்.

நூற்றுப் பத்து நாளுக்குப் பிறகு வெயில். கண் கூசியது. எஸ்டேட் வாசலில் கமுகு அடுக்கிக்கொண்டிருந்த இரண்டு ஆட்கள் வெள்ளைத் துப்பட்டியைக் கண்டதும் பதறி எழுந்து, முகத்தைத் தோட்டத்துப் பக்கம் திருப்பிக்கொண்டார்கள். ஆட்டோக்காரன் கண்ணாடியை மேலே தூக்கிவிட்டான், பின்னால் இருப்பவர்கள் தெரியக்கூடாதென்று. பாண்டீஸ்வரி ஒரு ஓரத்திலும் இவள் ஒரு ஓரத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். சாலையோரத்து வயலில் இரண்டாம் போகம் பச்சையாக நின்றது. கொக்குகள். வண்டி குலுங்கியபோது இரண்டு பேர் தோளும் ஒருதரம் இடித்தது. பாண்டீஸ்வரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

ஸ்டேஷனில் ரைட்டர் முத்துக்குமரன் மட்டும் மேசையில் இருந்தார். பக்கத்து பெஞ்சில் சுந்தர்ராஜ், கையெழுத்து நோட்டுக்காகக் காத்திருந்தான். பெண்சாதியையும் அவளுக்குப் பின்னால் வந்தவளையும் பார்த்தான். யாரென்று புரிந்த மாத்திரத்தில் எழுந்து, செருப்பு போடாத காலோடு இரண்டடி தள்ளிப் போய், சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். ஒரு மாசம் அவள் கையால் சாப்பிட்டவன். இத்தாவில் இருப்பவள் முகத்தைப் பார்க்கக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

முத்துக்குமரனும் எழுந்துவிட்டார். "என்னம்மா இது, நீங்க வரலாமா? ஒரு போன் போட்டா நாங்க வந்திருக்க மாட்டமா? ராவுத்தர் பாய் அம்புட்டுச் சொல்லியிருக்காக. இத்தா முடியட்டும்மா. பொறுமையா எழுதிக்கிருவோம்."

"இன்னைக்கு எழுதுங்க தம்பி."

"பதினஞ்சு இருவது நாள்ல என்னம்மா ஆயிரப் போகுது? துக்கத்துல இருக்கீக. துக்கத்துல சொல்றத எழுதுனா எனக்குத்தான் பாவம். வீட்டுக்குப் போங்க. ஆட்டோ சொல்றேன்."

"முடிஞ்சு வந்தா சொல்ல மாட்டேன்" என்றாள் அம்சத் பீவி. "எனக்கு என்னையத் தெரியும். எழுதுங்க."

முத்துக்குமரன் பாண்டீஸ்வரியைப் பார்த்தார். அவள் தூணைப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து, டிராயரைத் திறந்து, தாளை எடுத்து, கார்பன் வைத்து, ஓரத்தை நேராக்கினார். அம்சத் பீவி சொன்னாள். வீட்டில் சொன்னதையே சொன்னாள். துத்தம் எத்தனை கிலோ, எந்த வாளி, எத்தனை தடவை என்று அவர் கேட்டதற்கெல்லாம் சரியாகச் சொன்னாள். இடையில் ஒருமுறை, "அப்ப ஷேக் மைதீனுக்கு இது தெரியாதுங்கிறீக" என்று கேட்டார். "தெரியாது. கேட்டாக. பொய் சொன்னேன்" என்றாள். பேனா ஓடுகிற சத்தம் நிற்பதற்காக ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்து, அடுத்த வரியைச் சொன்னாள். தன்னுடைய குரல் வேறு யாருடையதோபோல் அவளுக்குக் கேட்டது.

எழுதி முடித்து அவர் வாசித்துக் காட்டினார். அதிலும் அவள் ஒரு திருத்தம் சொன்னாள். வருஷத்துக்கு ஒரு தடவை என்று எழுதியிருந்தார். ரெண்டு என்றாள்.

"யோவ் சுந்தர்ராஜ்" என்றார் முத்துக்குமரன், தலையைத் தூக்காமல். "கேட்டேல்ல? ஒக்காருய்யா. இனி எதுக்கு நிக்கிற?"

சுந்தர்ராஜ் உட்காரவில்லை. பாண்டீஸ்வரி அவன் பக்கத்தில் போய் முழங்கையைத் தொட்டாள். அவன் கையை விடுவித்துக்கொண்டான். வந்தபோது அவன் திரும்பி நின்றது எதற்கென்று அம்சத் பீவிக்குத் தெரியும். இப்போது நிற்பது எதற்கென்று தெரியவில்லை. சட்டையின் முதுகுப்பக்கம் வேர்வையில் ஒட்டியிருந்தது. மூச்சு வாங்குவது அதில் தெரிந்தது.

முத்துக்குமரன் மைப்பெட்டியைத் திறந்து அவள் பக்கம் தள்ளினார். அம்சத் பீவி அந்த முதுகிலிருந்து கண்ணை எடுக்காமல் பெருவிரலை நீட்டினாள். அவன் திரும்பவில்லை.